மருந்து கொடுத்தும் கோழிக்கு மறுபடி புழு, என்ன செய்வது?

கேள்வி (ராமமூர்த்தி நகர், பெங்களூரு):

வீட்டுக்குப் பின்னால் 9 கோழி வளர்க்கிறேன். 5 கிரிராஜா, 4 நாட்டுக்கோழி. மழை பிடித்ததிலிருந்து ஒன்றும் சரியில்லை. தீனி நன்றாகத்தான் எடுக்கிறது, ஆனால் கையில் தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி போலக் குத்துகிறது. கொண்டை வெளுத்துவிட்டது. நாளுக்கு 5 முட்டை கிடைத்த இடத்தில் இப்போது 2.

போன வாரம் ஒரு வெடை செத்துவிட்டது. மாமியார் சொன்னதால் அறுத்துப் பார்த்தோம். குடலுக்குள் வேகவைத்த சேமியா மாதிரி வெள்ளைப் புழு, ஒவ்வொன்றும் விரல் நீளம். இரண்டு மாதம் முன்புதான் கடைக்காரர் கொடுத்த பைப்பரசின் என்ற புழு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். எங்கே தவறினேன்? பிள்ளைகள் கோழியோடுதான் விளையாடுகிறார்கள், அவர்களுக்கும் தொற்றுமா?

பதில் (கே.ஆர்.புரம்):

தங்கச்சி, முதலில் பிள்ளைகளைப் பற்றி. நீங்கள் பார்த்தது கோழியின் உருண்டைப் புழு. அது மனிதர் குடலில் குடியேறாது. கோழி எச்சத்தில் வேறு கிருமிகள் உண்டு, அதனால் கை கழுவ வையுங்கள்.

நானும் தர்மபுரிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து கோழி வளர்க்கிறவள்தான். உங்களைப் போலவே ஒரு மழைக்காலத்தில் 3 கோழியை இழந்தேன். மருந்து கோழிக்குள் இருக்கிற புழுவைத்தான் வெளியேற்றும். மண்ணில் கிடக்கிற புழு முட்டையை அது ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு விழுந்த புழு முட்டை, சூடும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். கோழி கிளறிக் கொத்துகிற இடம் அதேதான். கொத்தியதிலிருந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் அது பெரிய புழு. உங்கள் கணக்கும் இரண்டு மாதம்தானே?

இன்னொன்று, பைப்பரசின் வளர்ந்த உருண்டைப் புழுவை மட்டும்தான் தள்ளும். குடல் சுவரில் பதுங்கியிருக்கும் குஞ்சுப் புழு தப்பிவிடும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். எச்சத்தில் அரிசி மணி போல வெள்ளைத் துண்டு தெரிந்தால் அது நாடாப்புழு, அதற்குப் பைப்பரசின் போதவே போதாது. எறும்பையும் வண்டையும் தின்று கோழி வாங்கிக்கொள்கிற புழு அது. ஆகவே இந்தத் தடவை கடையில் கேட்காதீர்கள். ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. புது எச்சத்தை டப்பாவில் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டி, அளவைக் கோழியின் எடைக்குக் கேளுங்கள். எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

இனி இடம். கூட்டுத் தரையில் ஒரு சாண் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, நீற்றுச் சுண்ணாம்பு தூவி, காய்ந்த தேங்காய் நாரோ உமியோ போடுங்கள். ஈரம் பட்டதை அன்றே அள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கோழி முதுகு உயரத்தில் வையுங்கள், எச்சம் அதில் விழவே கூடாது. இடத்தை இரண்டாகப் பிரித்து வேலி கட்டி, ஒரு பக்கத்தை வெயில் காய விட்டால் நல்லது. வெயில்தான் எனக்குக் கிடைத்த பெரிய மருந்து. ஒரே இடத்தில் வான்கோழியும் வளர்க்க நினைத்தால் வேண்டாம். கோழியின் இன்னொரு சின்னப் புழு, அதன் முட்டையோடு வான்கோழியைக் கொல்கிற நோயைச் சுமந்து போகும்.

பதில் (அல்சூர்):

அக்கா சொன்னதோடு ஒன்று. குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாதீர்கள், மூன்று மாதம் வரை அவைதான் சீக்கிரம் சாயும். பூண்டு, வேப்பிலை எல்லாம் நானும் அரைத்துக் கொடுத்தேன். கோழி ஆசையாகத் தின்றது, புழு மட்டும் போகவில்லை. முருங்கைக் கீரையை நிறுத்தாதீர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் உருண்டைப் புழு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. எச்சத்தைக் காட்டினேன், உருண்டைப் புழுவும் நாடாப்புழுவும் இரண்டுமே இருக்கிறது என்றார் டாக்டர். ஒவ்வொரு கோழியையும் பையில் போட்டு எடை பார்த்து மருந்து கொடுத்தேன். மறுநாள் விடிகாலையில் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், எச்சத்தோடு கொத்துக் கொத்தாக விழுந்திருந்தது. மற்ற கோழிகள் கொத்துவதற்கு முன்னால் அள்ளி எடுத்துவிட்டேன். இன்று வீட்டுக்காரரும் நானும் மண் வெட்டுகிறோம். 20 நாள் கழித்து இரண்டாவது தடவை மருந்து, காலண்டரில் குறித்துவைத்துவிட்டேன்.