கண்டிப்பான சபை என்றாலே லீகலிசமா?

பெரேயா வாசகன்:
வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தொடர்ந்து மூன்று வாரம் வராதவர்களுக்குப் பாடகர் குழுவில் இடமில்லை என்று எங்கள் சபையில் அறிவித்துவிட்டார்கள். "இது லீகலிசம், விதியையே பக்தியாக்குகிற போக்கு" என்றேன். "ஒழுங்கு வேறு, லீகலிசம் வேறு தம்பி" என்று மூப்பர் ஒருவர் முடித்துவிட்டார். வேதாகமத்தில் அந்தச் சொல்லே இல்லை. அதற்குச் சரியான அர்த்தம்தான் என்ன?

பழைய டீக்கன்:
இல்லாத சொல்லை வைத்துத்தான் இன்றைக்குப் பாதிப் பேர் தப்பிக்கிறார்கள். நேரத்துக்கு வா என்றாலும் லீகலிசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் என்றாலும் லீகலிசம். மத்தேயு 23:23-ஐ முழுக்க வாசியுங்கள். சீரகத்துக்குக்கூடத் தசமபாகம் கொடுத்ததற்காக யூத விதிகளைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரை இயேசு திட்டவில்லை, நீதியையும் இரக்கத்தையும் விட்டதற்காகத் திட்டினார். கடைசி வரியை எல்லாரும் வசதியாக விட்டுவிடுவார்கள்: "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்."

கிருபை போதும்:
ஐயா, அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு யூதச் சடங்கான விருத்தசேதனம் பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3). இன்னொரு உடன் ஊழியரான தீத்துவின் விஷயத்தில் இணங்கவேயில்லை (கலாத்தியர் 2:3). சடங்கு ஒன்றுதான். தீமோத்தேயு யூதத் தாயின் மகன், அந்தப் பக்கத்து யூதர்களிடம் ஊழியத்துக்குப் போகிறவர். தீத்து கிரேக்கர். "விருத்தசேதனமடையாவிட்டால், இரட்சிக்கப்படமாட்டீர்கள்" என்று சிலர் போதித்துத் திரிந்த சமயம் அது. அங்கே பவுல் ஒரு நாழிகைகூட விட்டுக்கொடுக்கவில்லை. விதி எத்தனை கடுமை என்பதை விட்டுவிடுங்கள், அதைக் கிருபை இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறார்களா என்று பாருங்கள்.

பழைய டீக்கன்:
நன்றி, என் வேலையைக் குறைத்துவிட்டீர்கள். பாடாவிட்டால் இரட்சிப்பு போய்விடும் என்று அந்த மூப்பர் சொன்னாரா? இல்லையே. அப்போது உங்கள் அளவுகோலின்படியே இது லீகலிசம் இல்லை.

மார்த்தாள் வீடு:
வாயால சொல்லணும்னு அவசியமில்லீங்க ஐயா. அந்தியோகியாவில் பேதுரு தப்பா ஒரு பிரசங்கமும் பண்ணலை. புறஜாதியாரோட, அதாவது யூதரல்லாதவங்களோட சாப்பிட்டுக்கிட்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் "விலகிப் பிரிந்தான்". அவ்வளவுதான். அதையே பவுல் எல்லார் முன்னாலயும் கண்டிச்சார். யார் பந்தியில் உட்காரலாம்ங்கறதே அங்கே போதனை ஆயிடுச்சு. எங்க சபையிலயும் இதே மாதிரி ஒரு விதி. இரவு வேலைக்குப் போற அக்கா ஒருத்தங்க வரமுடியலை. மாசம் ரெண்டு ஆகலை, "அவங்க ஆவிக்குரிய நிலை சரியில்லை"ன்னு பேச்சு வந்துடுச்சு. எந்த விதியில எழுதியிருந்தது அது?

கத்துக்குட்டி:
நடுவில் ஒரு விஷயம். டிடாக்கே என்ற ஆதித் திருச்சபை நூலில் ஒரு கட்டளை உண்டு: மாயக்காரர், அதாவது வெளிவேஷக்காரர், திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், அதனால் நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள். மாயத்துக்கு மருந்து கிழமையை மாற்றுவது! எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பழைய டீக்கன்:
சிரியுங்கள், உபவாசியுங்கள்.
சிஸ்டர், அந்தப் பேச்சு தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதியை எடுத்துவிட்டால் அந்த வாய் அடைபடுமா? சபையில் நியாயப்பிரமாணத்தையே, அதாவது தேவனுடைய கட்டளைகளையே, பிரசங்கிக்க வேண்டாம் என்ற அளவுக்கு ஜெர்மன் போதகர் யோகான் அக்ரிகோலா போனபோது, இரட்சிப்பு விசுவாசத்தினால் மட்டுமே என்று முழங்கிய சீர்திருத்தவாதி லூத்தரே 1537-இல் தொடங்கி அந்தப் பழைய நண்பரோடு வாதாட வேண்டியிருந்தது. இன்றைக்கும் "நாங்கள் விடுதலையானவர்கள், அந்தச் சபையார் பரிசேயர்" என்று பேசுகிறவர்களைப் பாருங்கள். லூக்கா 18-இல் "இந்த ஆயக்காரனைப்போல் நான் இல்லை" என்று வரி வசூலிப்பவனைக் காட்டி ஆலயத்தில் நன்றி சொன்ன பரிசேயனின் ஜெபம்தான், ஆயக்காரன் இருந்த இடத்தில் பரிசேயனைப் போட்டிருக்கிறார்கள்.

கிருபை போதும்:
இது என் மேல் விழுந்த அடி. வாங்கிக்கொள்கிறேன்.

பெரேயா வாசகன்:
ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் வராதவன் நானேதான். இரவு வேலை எல்லாம் இல்லை. கிரிக்கெட்.

பழைய டீக்கன்:
முதல் பதிவிலேயே சந்தேகப்பட்டேன் தம்பி.

மார்த்தாள் வீடு:
இவருக்குக் கிரிக்கெட், அந்த அக்காவுக்குப் பிழைப்பு. வருகைப் பதிவேட்டில் ரெண்டு பேருக்கும் ஒரே 'வரவில்லை'. இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன், ஐயா பதில் சொல்லலை.

பெரேயா வாசகன்:
ஞாயிற்றுக்கிழமை மூப்பரிடம் இதையே கேட்கிறேன், இரவு வேலைக்காரர்கள் கதி என்ன என்று. என் கதையை மட்டும் எடுக்கமாட்டேன்.