புதுப்பிப்பு: க்ரூசேடர் கிங்ஸ் 3ல் என் ஆர்மேனியர் ஏன் 'எமிர்' ஆனார்

முதல் பதிவில் கேட்டது இதுதான்: இடைக்கால ஆட்சியாளராக ஆடும் இந்தக் கணினி விளையாட்டை 1066ல் தொடங்கி, செல்ஜுக் என்ற துருக்கிய முஸ்லிம் வம்சத்தின் சுல்தானுக்குக் கீழே ஆர்மேனியக் கிறிஸ்தவப் பிரபுவாக ஆடுகிறேன். பண்பாடும் மதமும் மாறவில்லை, ஆனால் பட்டம் மட்டும் முஸ்லிம் ஆட்சியாளர்களுக்குரிய 'எமிர்' என்று காட்டுகிறதே, ஏன்? மாட் (ஆட்டக்காரர்கள் விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) தகராறு என்று சிலர் சொன்னீர்கள்.

மாட் காரணமில்லை. விளையாட்டுக் கோப்புகளில் 'ஃப்ளேவரைசேஷன்' என்றொரு கோப்புறை இருக்கிறது. ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் அதில் தனி நிபந்தனைகள்: ஆணா பெண்ணா, எந்தப் படிநிலை, ஆட்சிமுறை, பண்பாடு, மதம். பல பெயர்கள் பொருந்தினால் முன்னுரிமை எண் பெரியதுதான் ஜெயிக்கும். சூட்சுமம் 'டாப் லீஜ்' (உச்ச அரசர்) என்ற ஒற்றை வரியில். அதை 'நோ' என்று மாற்றாதவரை, நிபந்தனைகளை உங்கள் ஆளிடம் பார்க்காது. உச்சியில் உட்கார்ந்திருக்கும் அரசரிடம்தான் பார்க்கும். சுல்தானிடமிருந்து பிரிந்ததுமே என் எமிர் பட்டம் போய்விட்டது!

ஊர்ப்பெயருக்கு வேறு கணக்கு. அது நேரடியாக ஆள்பவரின் பண்பாட்டைப் பின்பற்றும். இங்கிலாந்தின் யார்க் நகரை நார்ஸ்காரர் (வைக்கிங் பண்பாட்டவர்) பிடித்தால் அதன் பெயர் யோர்விக்.

கிறிஸ்தவருக்கு எமிர் பட்டமா, "வரலாற்றில் இப்படியெல்லாம் கிடையாது" என்றவருக்கு: 1130ல் சிசிலியில் முடிசூடிய இரண்டாம் ரோஜர் கிறிஸ்தவர். அவருடைய தலைமை அமைச்சர் அந்தியோக்கியா ஜார்ஜும் கிறிஸ்தவர்தான், ஆனால் பட்டம் 'எமிர்களின் எமிர்'. சிசிலியில் முன்பு இருந்த அரபு நிர்வாகத்தின் மிச்சம் அது. இந்த விளையாட்டின் விதிப்படி பார்த்தால் அவருக்கு அது கிடைத்தே இருக்காது, அரசர் கிறிஸ்தவராயிற்றே.

அந்த 'டாப் லீஜ்' வரியை மாற்றிச் சின்ன மாட் ஒன்று போட்டுவிட்டேன். நண்பர்களோடு சேர்ந்து ஆடினால் எல்லோரிடமும் அதே மாட் இருக்க வேண்டும்.