பாலாற்றின் பழைய தடம்: கிணறு வெட்டியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். முதுகலைப் புவியியல் திட்டப்பணிக்காக, வேலூருக்குக் கிழக்கே பாலாற்றின் தென்கரை நிலவடிவங்களை வரைபடமாக்கி வருகிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, செயற்கைக்கோள் படத்தில் தென்னந்தோப்புகள் வில்லாக வளைந்து போகின்றன. அந்த வளைவில்தான் சித்தப்பாவின் கிணறு. போன கோடையில் ஆழப்படுத்தியபோது இறங்கிப் பார்த்தேன்: மேலே களிமண், அதன் கீழ் பருமணல், அடியில் முட்டை வடிவக் கூழாங்கற்கள். மலையடிவாரத்தில் சரிந்து விழும் கற்களுக்குக் கூர்முனை இருக்கும்; இவை நீரில் உருண்டு மழுங்கியவை. ஆறு கைவிட்ட தடம் என்பது என் கணிப்பு. வழிகாட்டி ஆசிரியரோ பழைய ஏரி வரத்துக்கால்வாயாக இருக்கலாம் என்கிறார். கால்வாயில் ஆளுயரத்துக்கு மணல் படியுமா என்று கேட்டேன், சிரித்தார். சான்று வேண்டுமாம்!

50,000-இல் ஒரு பங்கு அளவு நிலப்படத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைப்பவை) 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. பழைய தடத்தின் இரண்டு மீட்டர்ப் பள்ளம் அதில் எங்கே தெரியும்?

அந்தப் பக்கம் கிணறோ ஆழ்துளையோ போட்டவர்கள், எத்தனை அடியில் மணல் வந்தது, கூழாங்கல் இருந்ததா என்று சொல்லுங்கள். உறை இறக்குமுன் எடுத்த படம் இருந்தால் பெரிய உதவி. 2021 நவம்பர் வெள்ளத்தில் எந்தத் தோப்பில் தண்ணீர் கடைசிவரை வடியாமல் நின்றது என்பதும் வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.