சீலியாக்: கோதுமையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது, மகளுக்கு வயிறு இன்னும் சரியாகவில்லை. எங்கிருந்து உள்ளே போகிறது?

தண்டையார்பேட்டை அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 13 வயது. இரண்டு வருஷமாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை. கடைசியில் ரத்தத்தில் டிடிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து, எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதை எடுத்துச் சோதித்து, சீலியாக் நோய் என்றார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்குமாம். சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் அன்றைக்கே நின்றது. அவள் ஆசையாகச் சாப்பிடும் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) போச்சு.

முதல் இரண்டு மாதம் நன்றாகத் தேறினாள். இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது வயிறு உப்பிக்கொண்டு பேதியாகிறது. வீட்டில் அரைத்த மாவில் இட்லி, தோசை. மதியம் சோறு, சாம்பார், ரசம். சாயந்திரம் புட்டு, இடியாப்பம் அல்லது கேழ்வரகு அடை. மாவு எங்கள் தெரு மிஷினில் அரைத்தது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் வறுவல். இதில் கோதுமை எங்கே இருக்கிறது? எனக்குப் புரியவில்லை.

கொருக்குப்பேட்டை:
பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் அக்கா. கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவும் சேர்ப்பார்கள்.

வியாசர்பாடி:
இவ்வளவு பயப்பட வேண்டாம் அம்மா. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும். எங்கள் பாட்டி அப்படித்தான் எல்லாவற்றையும் பழக்கினார்.

பெரம்பூர்வாசி:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இது பழக்கினால் அடங்குகிற ஒவ்வாமை இல்லை. குளூட்டன் போகும்போதெல்லாம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உறிஞ்சிகளை அரிக்கிறது. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் கெடுகிறது என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். அரை கிராமுக்குச் சற்று மேல் மைதா இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். வெளியே எதுவும் தெரியாமலேயேகூட உள்ளே கெடலாம்.

எனக்கு இந்த நோய் வந்து ஆறு வருஷம். அக்கா, பெருங்காயத்தை மாற்றத்தான் வேண்டும். அரிசி மாவில் செய்தது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பூண்டு தட்டிப் போட்டால் ரசம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு குடும்ப ரசத்தில் போடும் ஒரு சிட்டிகையால் மட்டும் இவ்வளவு தொந்தரவு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குச் சந்தேகம் மாவு மிஷின் மேல்தான். ரேஷன் கோதுமை போட்ட நாளில் அங்கே போய்ப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒருவர் கோதுமையைக் கொட்டி அரைப்பார். அது முடிந்ததும் அதே கல்லில் உங்கள் அரிசி. கல் இடுக்கிலும் துணிக்குழாயிலும் தங்கியிருக்கிற கோதுமை மாவு முழுக்க உங்கள் பாத்திரத்தில்தான் விழும். அரிசியிலோ கேழ்வரகிலோ குளூட்டனே கிடையாது, ஆனால் அந்த மிஷின் வழியாக வந்த மாவில் இருக்கும். நானே ஒரு வருஷம் இதில்தான் ஏமாந்தேன். இப்போது அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியிலேயே அரைக்கிறேன். சல்லடை புதிது; மைதா சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் ஒட்டியிருக்கும். தோசைக்கல்லும் தனி.

மீன் மசாலா பாக்கெட்டில் மைதா இருக்கிறதா பாருங்கள். சத்துபானத்தில் மால்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை. கடை பஜ்ஜி கடலைமாவாகவே இருந்தாலும், சமோசா பொரித்த எண்ணெயில் போட்டால் அவ்வளவுதான்.

ஆய்வகத் தம்பி:
அம்மா, டிடிஜி அளவு உடனே இறங்காது. ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அடுத்த அறிக்கையில் குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், குடல் ஆறும்வரை பால் ஜீரணமாகாமலும் வயிறு உப்பலாம். அதையும் டாக்டரிடம் கேளுங்கள். பாக்கெட்டில் ஒவ்வாமைக் குறிப்பு என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

கூடப் பிறந்தவர்கள் உண்டா? பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை அவசியம். பரிசோதனை முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தாலும் தெரியாமல் போய்விடும்.

தண்டையார்பேட்டை அம்மா:
பெருங்காய டப்பாவில் மைதா என்றே போட்டிருக்கிறது. ஆறு வருஷமாக அதே டப்பாதான் வாங்குகிறேன். மிஷினுக்கும் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்தார். என் அரிசியைக் கொட்டாமலே திரும்பிவிட்டேன். மிஷின்காரரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. மகள் கோவிலில் புது நன்மை (முதல் திருவிருந்து) வாங்கியதிலிருந்து எந்த ஞாயிறும் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. பூசையில் நன்மையாகக் கொடுக்கும் அந்த அப்பமும் கோதுமைதானே?

ராயபுரம் அண்ணன்:
கோதுமைதான் தங்கச்சி. குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. 2017இல் ரோமிலிருந்து வந்த சுற்றறிக்கையிலும் இதையே சொன்னார்கள். ஆனால் வழி இருக்கிறது. குளூட்டன் மிகக் குறைவான கோதுமை அப்பம் அனுமதிக்கப்பட்டது. அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கிண்ணத்திலிருந்து திருஇரத்தம், அதாவது மந்திரித்த திராட்சை ரசம் மட்டும் வாங்கலாம், அதுவே முழு நன்மை. பாதரின் கிண்ணத்தில் அப்பத்துண்டு ஒன்றைப் போடுவார்கள், அதனால் பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. தயங்காதே, இது சலுகை கேட்பது இல்லை.

தண்டையார்பேட்டை அம்மா:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மிஷின் மாவு முழுவதையும் எடுத்துவிட்டேன். புதுச் சல்லடை, புதுத் தோசைக்கல். பங்குத்தந்தை உடனே சம்மதித்தார், மகளுக்குச் சின்னக் கிண்ணம் ஒன்று தனியாக வைக்கிறார். கடைசிப் பதினைந்து நாளில் ஒரே ஒரு நாள்தான் வயிறு உப்பியது, அன்றைக்குக் கல்யாண வீட்டு சாம்பார். அவள் தம்பி இன்னும் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். வியாழக்கிழமை அவனுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வந்ததும் இங்கே சொல்கிறேன்.