வீட்டுக்கார அம்மாவுக்குப் பாட்டு தெரியும், பொருள் தெரியாது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மன்னார்குடி மாணவி

வணக்கம். முதுகலை படிக்க மொரிஷியஸுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. ரெதுயியில் பல்கலைக்கழகம், ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன். காலையில் மெட்ரோ ஏறினால் எபேன் வழியாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கிரியோலுக்கு, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சு மொழிக்கு, போய்விடுகிறார்கள். படிப்பில் சிரமம் இல்லை. என் கேள்வி வேறு.

ஆகஸ்டில் வந்தேன். ஊரில் வெயில் கொளுத்தியது, இங்கே தூறலும் குளிர்காற்றும். நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. துணியை வடக்குப் பக்கக் கம்பியில் போட்டால்தான் காயும் என்று வீட்டுக்கார அம்மா காட்டித் தந்தார். இதெல்லாம் பத்து நாளில் பழகிவிட்டது. மனிதர்களின் முகம்தான் இன்னும் பழகவில்லை. மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் என் பெரியப்பாவைப் போலவே இருக்கிறார், நெற்றியில் திருநீறு வேறு. வாயைத் திறந்தால் கிரியோல். முதல் நாள் கடையில் சில்லறையாக வந்த நூறு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. அதில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழருடையது. கடைக்காரரிடம் ஆசையாகத் தமிழில் நன்றி சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார்.

வீட்டுக்கார அம்மாவிடமும் அதையேதான் செய்தேன். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே முருகன் படம். மூச்சுவிடாமல் தமிழில் பேசிக்கொண்டே போனேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம் மொழி எனக்கு வராது, மகளே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். 'மகளே' மட்டும் தமிழில். வீட்டுக்கு வந்த முதல் நாளே அவர் மனத்தைக் குத்திவிட்டேனே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வெள்ளிக்கிழமை அவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவருடைய மாமியார் எழுதியது. முருகன் மேல் பாடும் பாட்டுகள், எல்லாம் பிரெஞ்சு எழுத்தில். விளக்கேற்றி முழுப் பாட்டையும் ராகத்தோடு பாடினார். நான் ஊரில் கேட்டிராத மெட்டு. முடித்ததும் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். 'இரங்கு' என்ற சொல். அருள் காட்டு, மனம் இளகு என்று சொன்னேன். அந்த விரலை அவர் எடுக்கவே இல்லை. நாற்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேனா என்றார்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் சொல்லித் தரச் சொல்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரும் வருகிறார்கள். நான் உணவு அறிவியல் மாணவி, ஆசிரியை அல்ல. எழுத்திலிருந்து தொடங்குவதா, பேச்சிலிருந்தா? அவர்கள் பாட்டில் 'ழ' எல்லாம் 'ல' ஆகிவிட்டது; சில சொற்கள் நடுவில் உடைந்திருக்கின்றன. திருத்தலாமா?

பதில் 1: காத்ர் போர்ன் நகர ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்பு மகளே, முப்பது வருடம் இங்கே பள்ளியில் தமிழ் சொல்லித் தந்தவன் எழுதுகிறேன்.

திருத்தாதே. இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பாட்டு பொருள் துணை இல்லாமல் மூன்று தலைமுறை பிழைத்து வந்திருக்கிறது. முதலில் உட்கார்ந்து கேள்.

எங்களை நீ புரிந்துகொள்ள ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டிலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்து தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டினார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தனி. இங்கே ஒருவர் 'நான் தமிழ்' என்றால் பல நேரம் கோயிலையும் காவடியையும் வீட்டு வழிபாட்டையும் சொல்கிறார். நீ கேட்பதோ மொழியை. கேள்வி ஒன்று, பதில் வேறொன்றுக்கு. அதனால்தான் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

நீ பார்த்த ரூபாய் நோட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலம், தமிழ், இந்தி என்பதுதான் வரிசை. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே போய்விட்டது. தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சாயின. அந்த நாட்களில் எங்கள் தெருவில் இருந்த ஒரு கொத்தனார் புது நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், இதில் நம்முடையது எந்த வரி?" என்று கேட்டார். காட்டினேன். அந்த வரியின் கீழே கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது.

தொடக்கம் உனக்குச் சமையலறையிலேயே இருக்கிறது. அந்த அம்மா கறிவேப்பிலையை 'கரிப்புலே' என்பார், ரசத்தை 'ரசோன்' என்பார், முருங்கைக் கீரையை 'பிரெத் முரும்' என்பார். அதெல்லாம் கிரியோல் என்றே நினைத்திருப்பார். 'பிரெத்' தவிர மற்றவை தமிழ் என்று சொல். ஏற்கெனவே தெரிந்த மொழியைத்தான் படிக்கப் போகிறோம் என்ற தெம்பு வரும். எழுத்து அப்புறம் தானே வரும்.

பதில் 2: திருச்சி, இரண்டாம் ஆண்டு

நானும் உங்களைப் போல வந்தவன்தான். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: நீங்கள் கிரியோல் கற்றுக்கொள்ளுங்கள், அந்த அம்மாவிடமே. வெள்ளிக்கிழமை நீங்கள் சொல்லித் தாருங்கள், சனிக்கிழமை அவர் சொல்லித் தரட்டும். நான் தப்பும் தவறுமாகக் கிரியோல் பேசிய நாளிலிருந்துதான் என் வகுப்புத் தோழன் என்னிடம் தமிழில் தப்பாகப் பேசத் துணிந்தான்.

இன்னொன்று: நவம்பர் முதல் புயல் காலம். எச்சரிக்கை நான்கு படிகளாக வரும். முதல் படியிலேயே தண்ணீர், மெழுகுவத்தி, ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

பதில் 3: போ பாசென் ஊர்ப் பெண்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மன்னிக்க வேண்டும், நான் உடன்படவில்லை. நான் இந்த ஊரில் பிறந்தவள், பள்ளி இறுதி வரை தமிழைப் பாடமாக எடுத்தவள். எழுதுவேன், பேச ஆள் இல்லை. நான் 'ழ'வைத் தப்பாகச் சொன்னபோது யாரும் திருத்தவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார்கள். பின்பு தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் கூட்டத்தில் வைத்துச் சிரித்தார். அதன்பின் இரண்டு வருடம் நான் தமிழில் வாய் திறக்கவில்லை.

அக்கா, திருத்துங்கள். தனியாக, காதருகில், ஒரு நாளைக்கு ஒரு சொல். மற்ற இருவர் முன்னால் வேண்டாம். மெட்டை மட்டும் தொடாதீர்கள், அது எங்களுடையது.

மீண்டும் கேட்டவர்: மன்னார்குடி மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

நேற்று வெள்ளி. பாட்டை எடுக்கவில்லை. சமையலறையில் நின்று கரிப்புலேயை ஒரு கொத்து உருவி, கறி, வேம்பு, இலை என்று பிரித்துச் சொன்னேன். தாந்தினுக்கு, வீட்டுக்கார அம்மாவை இப்போது அப்படித்தான் அழைக்கிறேன், கிரியோலில் அத்தை என்று பொருள், சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா போன் எடுத்து மகளிடம் கிரியோலில் அதையே சொன்னார், 'இலை' மட்டும் தமிழில். மற்றவர்கள் போனபின் தாந்தின் நோட்டைத் திறந்து, 'பழனி' என்ற இடத்தில் என்னைப் பார்த்தார். நாக்கை மடித்துக் காட்டினேன். நான்காம் முறை வந்தது. பென்சில் கேட்டார். மாமியார் எழுதியதை அழிக்காமல், அந்தச் சொல்லுக்கு மேலே சிறியதாக ஒரு 'ழ' எழுதித் தரச் சொன்னார்.