நாலும் அஞ்சும் ஒரே அறையில்: எங்கள் வீட்டுக் குழு

செவ்வாய், இரவு 8.10

நான்: அண்ணா, நீங்கள் போன வாரம் அனுப்பிய வினாடி வினாத் தொகுப்புகளை இன்றுதான் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடத்தலாம் என்று எண்ணம். என் அறையில் நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் சேர்ந்து 27 பேர். எந்த வகுப்புக்கு உள்ளதை எடுப்பது?

சென்னை அண்ணன்: அஞ்சாம் வகுப்பையே எடும்மா. கஹூட்டோ குவிசிஸோ, எந்த வினாடி வினாச் செயலியானாலும் வகுப்பையும் பாடத்தையும் கொடுத்துத் தேடினால் வந்துவிடும். குவிசிஸ் இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கிறது, அதனால் குழம்ப வேண்டாம்.

நான்: தேடினேன் அண்ணா. நாலாம் வகுப்புக் கணக்கு என்று போட்டிருந்த ஒன்றில் மூன்றாவது கேள்வியே, 3 டைமும் 2 நிக்கலும் சேர்ந்தால் எத்தனை சென்ட் என்று இருந்தது. அமெரிக்கக் காசு. டைம் 10 சென்ட், நிக்கல் 5 சென்ட் என்று தெரிந்தால் எங்கள் பிள்ளைகள் 40 என்று உடனே சொல்லிவிடுவார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளையும் அந்தக் காசு தெரியாமல் தப்பாக எழுதும். இன்னொன்றில் இலைகள் உதிரும் பருவம் எது என்று கேட்டிருந்தார்கள்.

சென்னை அண்ணன்: வகுப்பு எண்ணைப் போடுவது தொகுப்பைச் செய்தவர்தான். யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. அங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் 9, 10 வயதுதான், ஆனால் படிக்கிற பாடம் வேறு. இந்தியா என்று சேர்த்துத் தேடிப் பார்.

நான்: அதையும் பார்த்துவிட்டேன். மழைக்காலம் எந்த மாதங்களில் என்று ஒரு கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்பதுதான் சரியான விடையாம்.

சித்தப்பா: அது எந்த ஊருக்கு? நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தானே மழை. ஜூன், ஜூலையில் இங்கே கச்சான் காற்று அடித்து மணல்தான் பறக்கும்.

அண்ணி: பாப்பா இந்தக் கேள்விக்கு டிசம்பர் என்று சொல்கிறாள். அப்போதுதான் அவளுக்குப் பள்ளி லீவு விட்டார்களாம், மழைக்கு.

நான்: அண்ணி, இராமநாதபுரத்துப் பிள்ளைக்கு அதுதான் சரி. ஆனால் அந்தத் தொகுப்பில் சிவப்பு காட்டும்.

தொண்டி அக்கா: அந்தச் சிவப்பை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு ஆயத்தமாக இருந்த ஒரு தொகுப்பை அவசரத்தில் அப்படியே எடுத்து ஹைடெக் லேபில் ஓடவிட்டேன். கோள்கள் எத்தனை என்ற கேள்விக்கு 9 என்று விடை வைத்திருந்தார்கள். புளூட்டோவை 2006லேயே எடுத்துவிட்டார்கள். எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை, தைரியமாக 8ஐத் தொட்டாள். திரையில் தவறு என்று வந்தது. நான் உடனே எழுந்து அவள் சொன்னதுதான் சரி என்று வகுப்புக்கே சொன்னேன், ஆனாலும் அவள் முகம் விழுந்தது விழுந்ததுதான். மீதிக் கேள்விகளுக்கு அவள் கையே வைக்கவில்லை. இப்போது எந்தத் தொகுப்பையும் முதல் நாள் இரவு நானே மாணவியாக உட்கார்ந்து முழுக்க ஆடிப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டு போவதில்லை.

மண்டபம் அத்தை: தாயி, நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் சொல்கிறேன். 2022ல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒரே வகுப்புப் பிள்ளைகளை, யாருக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தானே பாடம் நடத்தினோம். அஞ்சாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது வராது, நாலாம் வகுப்புச் சிறுமி மனக்கணக்கில் பறப்பாள். உன் 27 பேரில் யாருக்கு எது வரும் என்று உனக்குத்தான் தெரியும். தொகுப்பின் மேல் போட்ட வகுப்பைப் பார்த்து எடுக்காதே.

நான்: அப்படியானால் எல்லாவற்றையும் நானே எழுத வேண்டுமா அத்தை? வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

மண்டபம் அத்தை: யார் அப்படிச் சொன்னது? ஆயத்தமாக இருப்பதை விடாதே. இடியாப்ப மாவைக் கடையில் வாங்கினாலும் வெந்நீர் எவ்வளவு என்று நாம்தானே பார்க்கிறோம்.

சென்னை அண்ணன்: ஆமாம். இரண்டு செயலியிலும் தொகுப்பை நகல் எடுத்து நம் கணக்கில் வைத்துத் திருத்தலாம். 15 கேள்வி இருந்தால் நல்லதாக 6 மட்டும் வைத்துக்கொள், மற்றதை அழி. டைமும் நிக்கலும் இருக்கும் இடத்தில் 10 ரூபாய், 5 ரூபாய் நாணயம் என்று போடு. கணக்கு அதேதான்.

தொண்டி அக்கா: நேரத்தையும் மாற்று. கஹூட்டில் சீக்கிரம் தொட்டால் கூடுதல் புள்ளி. 20 விநாடிக்குள் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படிக்கவே பாதிப் பிள்ளைகளுக்கு நேரம் போதாது. 60 ஆக்கு, 90 ஆனாலும் தப்பில்லை. நீ சத்தமாக ஒரு முறை வாசித்துக் காட்டு.

நான்: அக்கா, அதற்கு முன்னால் ஒன்று. பிள்ளைகள் கையில் போன் கிடையாது. என் போன் ஒன்றுதான்.

தொண்டி அக்கா: அப்படியானால் பிளிக்கர்ஸ் செயலி. ஆளுக்கு ஒரு அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களாக ஒரு படம் இருக்கும். நான்கு பக்கத்துக்கும் நான்கு விடை. எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் விடை. நீ முன்னால் நின்று போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து எழுதவும் முடியாது, ஆளுக்கு ஆள் படம் வேறு. அட்டையைப் பளபளப்பாக லேமினேஷன் செய்துவிடாதே, வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்னால் ஒட்டினாலே போதும்.

அண்ணி: எங்கள் வீட்டில் ஒரு கட்டு பத்திரிகை இருக்கிறது. நாளை கொடுத்துவிடுகிறேன்.

புதன், இரவு 9.05

நான்: ஆறு கேள்வி தேறியது. இன்னும் நான்கு வேண்டும். சித்தப்பா, நீங்கள் சொன்ன காற்றை வைத்து ஒன்று கேட்கலாமா?

சித்தப்பா: கேளு. வாடை வடக்கே இருந்து, கொண்டல் கிழக்கே இருந்து, சோழகம் தெற்கே இருந்து, கச்சான் மேற்கே இருந்து. கடல் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமலும் இருக்கும். பாம்பனுக்கு எந்தப் பக்கம் ஆண் கடல், எந்தப் பக்கம் பெண் கடல் என்றும் கேளு.

நான்: தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். திசைப் பாடத்துக்கு அருமையாகப் பொருந்தும் சித்தப்பா!

சித்தப்பா: மீன்பிடித் தடைக்காலத்தையும் கேளு. அந்த நாட்களை நாங்கள் எண்ணி எண்ணித்தான் கழிக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது.

மண்டபம் அத்தை: இதுதான் கேள்வி. இந்த ஒன்றையே மூன்று படியாக வை. முதலில் ஏப்ரலுக்கு எத்தனை நாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும், எல்லோரும் ஜெயிக்கட்டும். அடுத்தது, ஏப்ரல் 15 முதல் மாதக் கடைசி வரை, இரண்டு நாளையும் சேர்த்து எத்தனை நாள். கடைசியில் மொத்தத் தடைக்காலம்.

தொண்டி அக்கா: தப்பு விடைகளைக் கவனமாக வை. ஆயத்தத் தொகுப்புகளில் எனக்குப் பெரிய குறை அதுதான், ஒரு சரியான விடையும் மூன்று சம்பந்தமில்லாத எண்களும் வைத்திருப்பார்கள். கண்ணை மூடித் தொட்டாலும் சரியாகிவிடும். நீ இரண்டாவது படிக்கு 14, 15, 16, 30 என்று கொடு. 15ஐத் தூக்குகிற பிள்ளை 30ல் இருந்து 15ஐக் கழித்திருக்கிறது, முதல் நாளைச் சேர்க்க மறந்திருக்கிறது. மொத்தத்துக்கு 60, 61, 62, 59. அட்டையைப் பார்த்ததுமே எந்த இடத்தில் தடுக்கியது என்று உனக்குத் தெரிந்துவிடும்.

நான்: 16, 31, 14. மொத்தம் 61. சரியாக வருகிறது.

சென்னை அண்ணன்: பாம்பன் பாலத்தையும் சேர். ஆனால் திறந்த ஆண்டு எது என்று சும்மா கேட்காதே. பழைய தொகுப்புகளில் 1914 மட்டும்தான் விடையாக இருக்கும். உன் பிள்ளைகள் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் போவதைப் பார்ப்பவர்கள். பழைய ரயில் பாலம் 1914, புது ரயில் பாலம் 2025, இடையில் எத்தனை ஆண்டு என்று கேள்.

நான்: 111. அஞ்சாம் வகுப்புக்குச் சரியான கழித்தல், கடன் வாங்கவும் வேண்டும்.

மண்டபம் அத்தை: தனித்தனியாக முதல், கடைசி என்று போடாதே. நாலும் அஞ்சும் கலந்து குழுவாகப் பிரி. தீவுப் பெயர் வை, நம் கடலில் 21 தீவு இருக்கிறதே. குருசடை, மனோலி, அப்பா தீவு, நல்லதண்ணி தீவு.

வெள்ளி, மாலை 5.40

நான்: நடத்திவிட்டேன்! பாதியில் சிக்னல் போய்விட்டது. அப்புறம் கரும்பலகையில் எழுதி, அட்டையை மேலே தூக்கச் சொல்லி நானே கண்ணால் எண்ணினேன். 35 நிமிடம் ஆனது. காற்றுக் கேள்வியில் கடலோர வீட்டுப் பிள்ளைகள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற ஒரு பையன் இருக்கிறான், அவன் எழுந்து கொண்டல் வந்தால் வலை எப்படி இழுக்கும் என்று கையை வீசிக் காட்டினான். அவனை இப்படி நான் பார்த்ததே இல்லை.

சித்தப்பா: யார் வீட்டுப் பையன் அவன்? சரியாகச் சொல்லியிருக்கிறான்.

தொண்டி அக்கா: தடைக்காலம்?

நான்: 27 பேரில் 19 பேர் 60ஐத் தூக்கினார்கள். அஞ்சாம் வகுப்பிலும் பாதிக்கு மேல். இரண்டாவது படியில் 15 சொன்ன அதே பிள்ளைகள்தான். கணக்குத் தெரியாததால் அல்ல, தொடங்கும் நாளை எண்ணாததால். நான் அவர்களுக்குக் கழித்தலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கொண்டிருந்தேன். திங்கட்கிழமை சுவர் நாட்காட்டியைத் தரையில் விரித்து, ஒவ்வொரு நாளையும் தொட்டு எண்ண வைக்கப் போகிறேன்.

மண்டபம் அத்தை: அதைச் செய். அடுத்த கேள்விகளை அதற்கப்புறம் தேடலாம்.

தொண்டி அக்கா: அந்தப் பத்துக் கேள்வியையும் எனக்கு அனுப்பு. எங்கள் ஆறாம் வகுப்பில் போட்டுப் பார்க்கிறேன், அங்கேயும் 60 வரும் என்று நினைக்கிறேன்.

நான்: அனுப்புகிறேன் அக்கா. சேமிக்கும்போது வகுப்பு எது என்று கேட்டது. நாலு, அஞ்சு இரண்டையும் குறித்துவிட்டு, தலைப்பில் "நாட்களை எண்ணுதல், இராமநாதபுரம் கடற்கரை" என்று போட்டேன்.

அண்ணி: பாப்பா இப்போதே கேட்கிறாள். முதல் படி மட்டும் அனுப்பு.