கையால் கட்டிய டிவி கேமராவைப் பார்த்தவர்கள் உண்டா?

ரேடியோபித்தன்:

பார்த்தது மட்டுமில்லை, ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். 1983, சென்னையில் பாலிடெக்னிக் கடைசி வருஷம். எங்கள் சாருக்கு டிவி ஸ்டேஷன் நடத்தும் ஆசை. நடக்கிற காரியமா? லேபிலிருந்து பக்கத்து ஹாலுக்கு ஒரு கேபிள் இழுத்து, அதுதான் நம்ம ஒளிபரப்பு என்பார்.

ரிட்சி தெருவில் யாரோ கழற்றிப் போட்ட சிசிடிவி கேமராவின் விடிகான் ட்யூப் கிடைத்தது. காட்சியைச் சிக்னலாக மாற்றும் கண்ணாடிக் குழல் அது. ஒரு இஞ்ச் தடிமன், ஒரு சாண்கூட நீளமில்லை. மிச்சமெல்லாம் கைவேலை. ட்யூபுக்குள் ஓடும் எலக்ட்ரான் பீமை அங்குமிங்கும் திருப்பும் காந்தச் சுருளுக்கு யோக் என்று பெயர். பிவிசி குழாய் மேல் எனாமல் ஒயரால் அதைச் சுற்றியது நான்தான். மூன்று தடவை பிரித்துச் சுற்றினேன். மூன்று தடவையும் படம் கோணிக்கொண்டுதான் வந்தது.

ட்யூபிலிருந்து வரும் சிக்னல் அரை மைக்ரோஆம்பியர்கூட இருக்காது. அதனால் முதல் ஆம்ப்ளிஃபையரை ட்யூபுக்குப் பக்கத்திலேயே வைத்து, பால்பவுடர் டின்னை வெட்டி மூடினார் சார். மூட மறந்தால் படத்தின் மேல் கோடு கோடாக ஆகாசவாணி ஓடும்!

முதலில் காட்டியது வாட்ச்மேன் தாத்தா முகத்தை. அவர் தலையைத் திருப்பினால் பின்னாலேயே புகை மாதிரி ஒரு வால். விடிகானுக்கு அது பிறவிக் குணம். "செத்தா இப்படித்தான் தெரிவேனா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பாட்டியையும் கூட்டி வந்தார்.

பீம் வரிவரியாக ஓடுவதுதான் ஸ்வீப். அது நின்றுபோனால் பீமை உடனே அணைக்க ஒரு சர்க்யூட் வேண்டும். இல்லாவிட்டால் பீம் ஒரே இடத்தில் நின்று, காட்சி விழும் பரப்பான டார்கெட்டைச் சுட்டுவிடும். "அதை அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்றவன் நான். ஒரு நாள் கனெக்டர் கழன்றது. சில விநாடிதான். சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் யாரைக் காட்டினாலும் நெற்றியில் பொட்டோடுதான் வந்தார்கள்.

குல்பர்காக்காரன்:

நான் பார்த்தது கேமரா இல்லை, ஆனால் அதே வகையறா. 1975இல் அப்பாவுக்குக் கர்நாடகத்தில் குல்பர்கா பக்கம் வேலை. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டிய 'சைட்' திட்டத்தில் எங்கள் ஊரும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 10 அடி டிஷ். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால், அடக் கோழிவலை! இஸ்ரோவின் அகமதாபாத் ஆட்கள் கைங்கரியம். 1976 ஜூலை 31ஓடு நிகழ்ச்சி நின்றது. பிறகு கொஞ்ச நாள் அதில் ஹெட்மாஸ்டர் வீட்டு வேட்டி காய்ந்தது.